பேஸ் கிட்டார் வாசித்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸைப் பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எண்பது தாண்டியும் கிட்டாரைக் கீழே வைக்காத மனுஷன், கையில் மூட்டுவாதம் வந்தபிறகு அதற்கேற்ப வாசிப்பை மாற்றிக்கொண்டவர், வாழ்க்கையையும் புகழையும் திரும்பிப் பார்க்கிறார் என்று. நாகர்கோவில் பதிப்பில் இப்படியொன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுதியவருக்கு என் பாராட்டு.

என் குறை படத்துக்குக் கீழே இருக்கிறது. ஐந்து பேர் நிற்கிற அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம். “மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் மற்றும் குழுவினர்” என்று பாடகர், கிட்டார்காரர் இரண்டு பேரோடு முடித்துவிட்டீர்கள். மீதி மூன்று பேரும் ரோட்டில் போனவர்களா? ஓரத்தில் சிரிக்காமல் நிற்பவர் பில் வைமேன், பேஸ் கிட்டார் (அடிநாதம் தருகிற தடித்த கம்பிக் கிட்டார்). அவருக்குப் பக்கத்தில் சார்லி வாட்ஸ், டிரம்ஸ். தலைமுடி கண்ணில் விழ நிற்பவர் பிரையன் ஜோன்ஸ். அந்தக் குழுவைச் சேர்த்ததும் அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான். 1969 ஜூலை 3-ல், தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார், வயது 27. பெயர் வைத்தவனுக்கே உங்கள் பத்திரிகையில் பெயர் இல்லாமல் போயிற்று.

இதைக் கேட்க நீ யார் என்பீர்கள். எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்த மாவட்டத்துத் திருவிழா மேடைகளில் பேஸ் கிட்டார் வாசித்தவன். பகலில் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பிரஸ்ஸில் அச்சுக்கோர்ப்பு, ராத்திரியில் கச்சேரி. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடியேறினால் எங்கள் சீசன் தொடங்கும். மண்டைக்காடு மாசிக் கொடை முடிகிறவரை பாதி ராத்திரிகள் வேனில்தான் கழியும். ஸ்டோன்ஸ் எங்களிடம் வந்தது சிலோன் ரேடியோவின் ஆங்கில ஒலிபரப்பு வழியாக. பிறகு, கப்பல் வேலைக்குப் போன குளச்சல்காரர் ஒருவர் கொண்டுவந்த கேசட்டுகள் வழியாக. காசு கொடுத்தவர்கள் கேட்டதெல்லாம் டி.எம்.எஸ்., எஸ்.பி.பி., இளையராஜா. ராக் என்பது ஒத்திகை தொடங்கும் முன் எங்களுக்காக நாங்கள் வாசித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் காலேஜ் விழாவில் ஒன்றிரண்டு எடுத்து விடுவோம். முன்வரிசையில் பாஸ்டர் நெளிவார். பின்வரிசை எழுந்து நிற்கும்.

கேட்கிறவர்களுக்குப் பாட்டு தெரியும். வாசிக்கிறவர்களுக்குப் பாட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியும். பொதுவாக ராக் குழுக்களில் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் போவார்கள். ஸ்டோன்ஸில் தலைகீழ். கீத்தின் கிட்டார் முன்னே போகும். சார்லி அதைக் கேட்டு அடிப்பார். அடி இம்மியளவு பிந்தி விழும். வைமேனோ கொஞ்சம் முந்திக் கை வைப்பார். மூன்றும் ஒரே புள்ளியில் விழாமல் ஆடிக்கொண்டே போகிற நடைதான் அந்தக் குழு. இதை வைமேனே விளக்கியிருக்கிறார். அப்புறம் சார்லியின் வலக்கை. ஹை-ஹேட் என்கிற ஜோடித் தட்டில் தட்டிக்கொண்டே வரும் கை, இடக்கை ஸ்நேர் என்கிற சின்ன டிரம்மில் விழுகிற நேரத்தில் மட்டும் எழும்பி அந்தரத்தில் நிற்கும். மற்ற டிரம்மர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் அந்த ஒரு தட்டை விட்டுவிடுவதால் ஸ்நேர் தனியாக, சுத்தமாகக் காதில் விழும்.

எங்கள் டிரம்ஸ் அண்ணனும் அப்படித்தான் அடிப்பார். வீடியோ பார்த்துப் படித்ததில்லை. வாசிப்பு கற்றது இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) பேண்டில். பிழைப்பு குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. பட்டையை எவ்வளவு ஆழம் கீறுவது என்று பால்வெட்டுக்காரரின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலாகக் கீறினால் பால் வராது. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடம் முண்டு முண்டாக வளர்ந்து, திரும்ப வெட்ட உதவாது. அந்த மணிக்கட்டுதான் ராத்திரி ஸ்நேரில் இறங்கும். விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்தாலும் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படுக்க மாட்டார். வேனில் கண்ணயர்ந்து நேராகத் தோட்டத்தில் இறங்கிவிடுவார். “நான் உறங்கினா பாலு நின்னுருமே மக்களே” என்பார்.

எனக்கு வந்த தொல்லை கம்பி. கடற்கரை ஊர்களில் மணலிலேயே மேடை போட்டிருப்பார்கள். உப்புக்காற்றும் விரல் வேர்வையும் சேர்ந்தால் சீக்கிரமே பேஸ் கம்பி செத்துவிடும். சத்தம் வரும், நாதம் வராது. புதுக் கம்பிக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும், விலையும் எட்டாது. அதனால் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைப்பேன். சுற்றுக்கம்பிக்கு இடையில் அடைந்து கிடக்கிற அழுக்கும் பிசுக்கும் கறுப்பாக இறங்கும். துடைத்துக் காயவைத்து மாட்டினால் இன்னும் சில மேடை ஓடும். “இன்னைக்கு என்ன, கம்பிக் குழம்பா?” என்று என் வீட்டுக்காரி கேட்பாள். பேஸ் கிட்டார்காரர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் போலிருக்கிறது. வைமேன் 1961-ல் மலிவான பேஸ் ஒன்றை வாங்கி, அதன் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட் கம்பிகளைப் புதிதாகப் போடலாம் என்று பழையதைப் பிடுங்கி எறிந்தார். ஃபிரெட் இல்லாமலே நாதம் நன்றாக இருக்கவே அப்படியே விட்டுவிட்டார்.

சார்லியைப் பற்றிக் கீத் தன் நினைவுகளில் எழுதியிருக்கிற ஒரு சம்பவம் உங்கள் கட்டுரையில் விட்டுப்போயிற்று. 1984, ஆம்ஸ்டர்டாம். குடித்துவிட்டு விடிகாலையில் ஹோட்டலுக்குத் திரும்பிய மிக் ஜாகர், சார்லியின் அறைக்குப் போன் போட்டு “என் டிரம்மர் எங்கே?” என்று கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. சார்லி நிற்கிறார்: முகம் மழித்து, சூட் போட்டு, டை கட்டி, சென்ட் அடித்து. நேராக ஜாகரிடம் போய் விட்டார் ஒரு குத்து. இனிமேல் என்னை உன் டிரம்மர் என்று சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜாகர் மீன் தட்டில் விழுந்து, திறந்திருந்த ஜன்னல் பக்கம் சறுக்கிக்கொண்டு போக, கீத்தான் எட்டிப் பிடித்தாராம். அதுவும், ஜாகர் போட்டிருந்தது தன்னுடைய கல்யாணக் கோட்டு என்பதால்!

எங்கள் அண்ணன் கை நீட்டியதில்லை. ஓர் ஊரில் அனௌன்சர், பாடகரைக் காட்டி “இவருடைய டிரம்ஸ் கலைஞர்” என்று எங்கள் அண்ணனை அறிவித்துவிட்டார். அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஸ்டூல் காலி. மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். கட்டன் சாயா ஆற்றிக்கொண்டிருக்கிறார். “அவருக்க டிரம்ஸ்காரன் வருவாம்லா, வந்து அடிப்பான்” என்றார். பாடகரே இறங்கி வந்து தோளில் கைபோட்டுக் கூட்டிப் போனார். அன்றைக்கு அண்ணன் அடித்த அடியைப் போல் நான் பிறகு கேட்டதில்லை.

உங்கள் படத்தில் இல்லாத ஆறாவது ஆளையும் சொல்ல வேண்டும். இயன் ஸ்டூவர்ட். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கம்பெனியில் கிளார்க், பியானோ வாசிப்பார். பிரையன் ஜோன்ஸ் ஆள் வேண்டும் என்று கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து வந்தவர். 1962 ஜூலையில் லண்டன் மார்க்கீ கிளப்பில் ஸ்டோன்ஸ் முதல் கச்சேரி செய்தபோது சார்லியும் இல்லை, வைமேனும் இல்லை, ஸ்டூவர்ட் இருந்தார். மறுவருஷம் புதிதாக வந்த மேனேஜர், ஆறு முகத்தை ரசிகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஸ்டூவர்ட்டின் சதுரத் தாடையும் அவர் நினைத்த ‘ஸ்டைலு’க்கு ஒத்துவரவில்லை. படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நானாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் போகவில்லை. வேன் ஓட்டினார், சாமான் இறக்கினார், மேடை கட்டினார். பாட்டுக்குப் பியானோ தேவைப்பட்டால் உட்கார்ந்து வாசித்தார். மைனர் கார்டு, அதாவது சோகமாக ஒலிக்கிற சுரக்கூட்டு மட்டும் அவருக்குப் பிடிக்காது. பாட்டில் அது வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா இருப்பார், அது போனபிறகு மறுபடி வாசிப்பார். உலகத்தின் பெரிய ராக் குழுவோடு உட்கார்ந்துகொண்டு இந்தப் பிடிவாதம்! 1985 டிசம்பர் 12-ல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்திலேயே மாரடைப்பில் போனார், வயது 47. நான்கு வருஷம் கழித்து 1989-ல் அமெரிக்காவில் ராக் இசைக்கான புகழ்க்கூடத்தில் ஸ்டோன்ஸைச் சேர்த்தபோது, அவர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்று இவர்கள் கேட்டு வாங்கினார்கள். இன்றைக்கும் தான் அவருக்காகத்தான் வேலை செய்வதாக, அது அவருடைய குழுதான் என்பதாகக் கீத் எழுதியிருக்கிறார். புகழைப் பற்றிக் கீத்திடம் கேட்டு எழுதுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த ஆளைப் பற்றித்தான் என்பது என் எண்ணம்.

முகம் ஞாபகம் இருக்காது என்று லண்டன் மேனேஜர் சொன்ன கணக்கை நான் பிரஸ்ஸில் தினமும் பார்த்தவன். திருவிழாக் கமிட்டியார் கையெழுத்துப் பிரதியோடு வருவார்கள். கொடியேற்றுபவர், மறையுரை, முதல்நாள் உபயம், இரண்டாம்நாள் உபயம், வாணவேடிக்கை, பந்தல் என்று வரிசையாகப் பெயர் இருக்கும். கடைசி நாளுக்கு ‘இன்னிசை விருந்து’. பாடகர் பெயருக்கு மட்டும் பெரிய எழுத்து எடுக்கச் சொல்வார்கள். குழுவின் பெயருக்கு அதைவிடச் சின்னது. அதற்குக் கீழே எங்கள் குழு எழுதிக் கொடுத்த வாத்தியக்காரர் பட்டியல் இருக்கும். கோர்த்த எழுத்தைப் பக்கமாக, ஃபார்மாவாகக் கட்டிப் பார்த்தால் நாலு வரி கூடுதலாக வரும். உபயதாரர் பெயரில் கை வைக்க முடியாது, வைத்தால் அடுத்த வருஷம் உபயம் வராது. கமிட்டிச் செயலாளரின் பென்சில் நேராக எங்கள் பட்டியலுக்குத்தான் வரும். கடைசி வரியில் ‘ஒலி, ஒளி’ என்று மைக் செட்டுக்காரர் பெயரும் ஜெனரேட்டர்காரர் பெயரும் தவறாமல் நிற்கும். மைக் செட்காரரோடு எனக்கு விரோதம் இல்லை. அவர் நன்றாகத்தான் போட்டிருப்பார். அவர் ஒலிபெருக்கியில் வந்த ஒலி யாருடையது என்பதுதான் நோட்டீஸில் இல்லை.

இது நம்மிடம் இல்லாத வழக்கமா என்றால், அதுவும் கிடையாது. மார்கழியில் உங்கள் பத்திரிகையே கச்சேரி பட்டியல் போடுகிறது. பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார். கோயில் திருவிழா என்றால் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் தவில் வித்துவான் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் அவர் வரவே மாட்டார். எங்கள் ஊர் வில்லுப்பாட்டுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. முன்பாட்டுப் பாடுகிற அண்ணாவி பெயரோடு நிற்கும். குடம் அடித்தவர், உடுக்கை பிடித்தவர், பின்பாட்டுக்காரர் எல்லாம் காற்றோடு போயிற்று. இளையராஜா பாட்டுகளின் பேஸைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் விரல் பழகினேன். அதை வாசித்தவர் சசிதரன் என்று எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்து. கேசட் உறையில் அது இருந்ததில்லை. டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல் எல்லாம் சென்னை போய்வந்தவர்கள் வாய்வழியாகச் சொன்ன பெயர்கள். பிறகு ரகுமான் தன் கேசட், சி.டி. உறைகளில் வாத்தியக்காரர்கள் பெயரைப் பொடி எழுத்திலாவது போட ஆரம்பித்தார். ‘பேஸ் கிட்டார்: கீத் பீட்டர்ஸ்’ என்று அச்சில் பார்த்த அன்றைக்கு அந்த உறையை எங்கள் குழு முழுக்கக் கைமாற்றிப் பார்த்தோம். கண்ணாடி போட்டுத்தான் படிக்க முடிந்தது, இருந்தால் என்ன.

பாடகர் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய பாடகர் பெயருக்கு முன்னால் ‘குமரி’ என்று சேர்த்து அவருக்கும் ஒரு பட்டம் உண்டு; இந்த மாவட்டத்தில் அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் நிறையப் பேர். அவருக்குத் தொண்டை கட்டினால் கச்சேரி போச்சு. சுருதி விலகினால் முதல் கல் அவருக்குத்தான் வரும். மாலையும் அவருக்கே விழுவதில் தப்பில்லை. கச்சேரி முடியும்போது ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கைதட்டச் சொல்வார். என்ன, அந்த நேரத்துக்குப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நாற்காலி அடுக்குகிறவர்களும் கடலைக்காரரும்தான் கைதட்டுவார்கள்.

பிறகு காலம் மாறியது. லீட் கிட்டார் கல்ஃப் போனார். தாளத்தை எலக்ட்ரானிக்கில் தருகிற ரிதம் பேட் வந்ததும் தபேலாவுக்கும் டம்பா முரசுக்கும் வேலை குறைந்தது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்றாயிற்று. விடியவிடியக் கச்சேரி என்பது பழங்கதை. இப்போது பல ஊரில் முன்பே பதிவுசெய்த இசையை, ட்ராக்கைப் போட்டுப் பாடுகிறார்கள். அதில் வாத்தியக்காரரே கிடையாது. கீபோர்டுக்காரர் மட்டும் கோயில் ஆர்கன் வாசித்துக்கொண்டு இன்னும் விரலைச் சும்மா விடாமல் இருக்கிறார்.

சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24-ல் காலமானார். அடுத்த மாதம் ஸ்டோன்ஸ் மறுபடி மேடையேறியபோது, முதலில் காலி மேடையில் அவருடைய டிரம்ஸ் சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, திரையில் அவர் படங்களைக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினார்கள். 2023-ல் வந்த ஆல்பத்தில் அவர் முன்பே அடித்து வைத்திருந்த இரண்டு பாட்டைச் சேர்த்தார்கள். அதில் ஒன்றுக்கு, 1993-லேயே விலகிப்போன வைமேனைக் கூப்பிட்டுப் பேஸ் வாசிக்க வைத்தார்கள்.

எங்கள் அண்ணனும் சார்லி போன அந்த 2021-ல்தான், ஊரடங்கு நாளில் போனார். அடக்கத்துக்கு ஆள் கணக்கு வைத்திருந்தார்கள். நான் போக முடியவில்லை. உங்கள் பத்திரிகையின் ‘காலமானார்’ பகுதியில் ‘ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி’ என்று வந்தது. அதில் பொய்யில்லை, வீட்டார் கொடுத்ததை நீங்கள் போட்டீர்கள். போன மாதம் அவருடைய பேரன் என்னைத் தேடி வந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான்; காஜோன் என்கிற பெட்டி முரசு தட்டுகிறானாம். “தாத்தா டிரம்ஸ் அடிச்சாருண்ணு அப்பா சொல்லுதாரு. நோட்டீஸ் எதாவது உண்டுமா, தாத்தா பேரு போட்டது?” என்று கேட்டான். என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டீஸ் இருக்கிறது, பாதி என் கையாலேயே கோர்த்தது. இரண்டு பேரும் தரையில் பரப்பிப் பார்த்தோம். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் மறையுரை, யார் வாணவேடிக்கை எல்லாம் இருந்தது. அண்ணன் பெயர் ஒரே ஒரு நோட்டீஸில் இருந்தது, நன்கொடையாளர் வரிசையில்.

ஆகவே என் வேண்டுகோள். திருவிழா சீசன் வருகிறது. உங்கள் மாவட்டப் பக்கத்தில் கச்சேரிச் செய்தி போடும்போது, பாடகர் பெயருக்குப் பின் வாசித்தவர்கள் பெயரையும் வாத்தியத்தையும் போடுங்கள். செய்தியாளர் மேடைக்குப் பின்னால் போய் ஒரு சிட்டையில் எழுதி வாங்கினால் போதும். சந்தோஷமாகக் கொடுப்பார்கள், சாயாவும் வாங்கிக் கொடுப்பார்கள். இடம் இல்லை என்று மட்டும் அச்சுக்கோர்த்தவனிடம் சொல்லாதீர்கள். ஏழெட்டுப் பெயர் ஒரு பத்தியில் நாலு வரி வரும். ஒவ்வொரு திருவிழாச் செய்தியின் கடைசியிலும் ‘முன்னிலை வகித்தனர்’ என்று ஒரு நீண்ட பட்டியல் வருகிறதே, அதில் முன்னிலை வகித்ததைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்கள் நாலு பேரை எடுத்தால் சரியாக இருக்கும். வில்லுப்பாட்டுக்கும் இதே மரியாதை வேண்டும். போன ஞாயிறு படத்துக்கும் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

எங்கள் குழுவில் வாசித்தவர்கள் பெயரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். சிலர் இப்போது இல்லை. வீட்டாரிடம் கேட்காமல் பத்திரிகையில் போடுவது முறையில்லை என்பதால் கடிதத்துக்குள் எழுதவில்லை. டிரம்ஸ் அண்ணன் வீட்டில் கேட்டாயிற்று, சம்மதம். நாகர்கோவிலில் இருக்கிற மற்றவர்களிடமும் பேசிவிட்டேன். கல்ஃபில் இருப்பவரிடம் இன்னும் பேச முடியவில்லை, பேசியதும் தபால் கார்டு போடுகிறேன். கீபோர்டு வாசித்தவரின் இனிஷியல் ‘வி’. என் கையெழுத்தில் ‘பி’ போலத் தெரியும். புரூஃப் பார்ப்பவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேஸ் கிட்டார் கலைஞர்,
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்.
(என் பெயரும் முகவரியும் இணைப்புத் தாளில், பட்டியலின் கடைசியில்.)